பின்சக்கரம் ஆத்தாளுக்கு

பொறுங்க தம்பி, பொறுங்க. பானெட்டத் தொடறதுக்கு மின்னாடி அந்தச் செருப்பக் கழட்டிருங்க. ஆமாங்க, செருப்பத்தான். அதா, அந்த வேப்பமரத்துக்கு அந்தாண்ட உட்டுருங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. டூல்ஸ் பொட்டி கையிலயே இருக்கட்டும், அதுக்கு ஒண்ணும் சொல்லலீங்க.

என்ன தம்பி அப்பிடிப் பாக்கறீங்க? வண்டி வேலைக்குன்னு கூப்புட்டுட்டு கோயிலுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டானேன்னுதானே? சொல்றனுங்க. இந்தக் கல்லு மேல உக்காருங்க, காப்பி வருது. நானு எச்சாப் பேசற ஆளு கெடையாது, ரெண்டே வார்த்தையில முடிச்சுருவேன். இதக் கேக்காம நீங்க ஸ்பேனரப் போட்டீங்கன்னா ஊரே வந்து நின்னுக்கும்.

இது வண்டிதானுங்க. நல்லாப் பாருங்க. அந்த மஞ்சத் துணிக்குள்ள பொடைப்பாத் தெரியறது ஹெட்லைட்டு. சந்தனத்துக்கு அடியில நம்பர் பிளேட்டு இருக்குது. கண்ணாடி ரெண்டுலயும் கொத்துக் கொத்தாத் தொங்கறது வேண்டுதல் கயிறு. ஸ்டீயரிங்குல வளையலு. அதையெல்லாம் கழட்டிக்கலாம், உத்தரவு ஆயிருச்சு. பின்னாடி லெஃப்ட் சக்கரம் இருக்குது பாருங்க, அதாவது இருந்துச்சு பாருங்க, அந்தச் செம்மண்ணுப் புத்துக்குள்ள? அத மட்டும் தொடக்கூடாது. அது ஆத்தாளோடது. ஏன்னு வரிசையாச் சொல்றேன்.

என்ற பேரு சென்னியப்பன். இந்த வெள்ளகோயில் ரோட்டுல பன்னண்டு வருசம் இந்தப் பிக்கப்ப ஓட்டுனவன். அதுக்கு மின்னாடி நானு லாரியில கிளீனரு. எவனோ ஒருத்தன் ஓட்டுவான், நான் பின்னால நின்னு "வரட்டும் வரட்டும்"னு தட்டிட்டுக் கெடப்பேன். இந்த வண்டி வந்த பொறகுதானுங்க என்னய நாலு பேரு "ஓனரே"ன்னு கூப்புட்டாங்க. அந்த வார்த்தையக் கேக்கறப்ப நெஞ்சுக்குள்ள ஒரு குளுமை இருக்கும் பாருங்க, அதெல்லாம் சொல்லி வெளங்காது.

நாலு வருசத்துக்கு மின்னாடி, கூரை ஓட்டு லோடு ஏத்திட்டு ஒரு மேட்டுல ஏறறப்ப கடகடன்னு ஒரு சத்தம். அப்பறம் கியரு உழுவல. இழுத்துட்டு வந்து இங்க, ஊட்டுக்குப் பக்கத்துல நிறுத்துனேன். நாளைக்கு வேலைய ஆரம்பிச்சுக்கலாம்னு.

நாலு வருசமா என்ன பண்ணுனீங்கன்னு கேக்காதீங்க தம்பி, எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. ஆரம்பிச்சுட்டேதானுங்க இருந்தேன். மொத வருசம் ஸ்பேனர் செட்டு வாங்குனேன். ரெண்டாம் வருசம் சீட்டுக்குக் கவரு தெச்சேன். எட்டிப் பாருங்க, மெரூன் கலரு, இன்னும் பிளாஸ்டிக்கே பிரிக்கல. மூணாம் வருசம் ஹாரன மாத்துனேன். என்ற ஊட்டுக்காரி துளசிமணி கேட்டா, "ஏனுங்க, ஓடாத வண்டிக்கு ஹாரனு எதுக்குங்க?"ன்னு. "ஓடறப்ப வேணுமல்ல"ன்னேன். பொம்பளைகளுக்கு இந்த மெக்கானிக்கல் சமாச்சாரமெல்லாம் புரியறதில்லீங்க.

அதுக்குள்ள வயித்துப் பாட்டுக்கு நூல் மில்லுல வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டேன். இன்னிக்கி வரைக்கும் அதேதான். வேல ஒண்ணும் கஷ்டமில்ல. கேட்டத் தொறந்து உடோணும், மூடோணும். ஆனா எந்தக் கேட்டு? வண்டி வர்ற கேட்டு. நாளு பூரா அடுத்தவன் வண்டிக்கு நான் கேட்டுத் தொறந்து உடறேன். நேத்துப் பொறந்த பசங்கெல்லாம் ஒத்தக் கையில ஸ்டீயரிங்கப் புடிச்சுட்டு, போன்ல பேசிக்கிட்டே உள்ள போறானுங்க. என்னய ஒருத்தன் திரும்பிப் பாக்கறதில்ல. ரொம்ப வேதனையா இருக்குமுங்க.

சேரி, கதைக்கு வர்றேன். போன ஆனி மாசம் எம் மச்சினன் வந்தான். சிவமூர்த்தின்னு பேரு, துளசிமணியோட தம்பி, கயிறு மில்லு வெச்சிருக்கான். எதையும் சுருக்கா முடிக்கோணும்பான். வந்து நின்னு வண்டிய ஒரு சுத்துச் சுத்துனான். "மச்சான், இது இனி எந்திரிக்காது. அடியில பாருங்க, சக்கரத்தச் சுத்திக் கறையான் புத்தே கட்டிருச்சு. பழைய இரும்புக்காரன் கிட்டச் சொல்லிட்டேன், பொதங்கெழம கிரேனு வருது"ன்னான். நானு துளசிய ஒரு பார்வ பாத்தேன். அவ வேண்டாம்னு சொல்லுவான்னு. அவ, "எடம் காலியானா முருங்க வெப்பேன்"னா.

பன்னண்டு வருசம் சோறு போட்ட வண்டி. அதுக்குப் பதிலா முருங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆனா மச்சினன் மின்னாடி அழுக முடியுங்களா?

செவ்வாக்கெழம அவ சந்தைக்குப் போயிருந்தா. நானு ஊட்டுக்குள்ள போயி மஞ்சத்தூள் டப்பாவ எடுத்தேன். கொழைச்சேன். அந்தப் புத்து மேல பூசுனேன். மூணு குங்குமப் பொட்டு வெச்சேன். சாமி ரூமுல இருந்த மஞ்சத் துணியச் சுத்துனேன், ரெண்டு முட்ட வெச்சேன், ஒரு எலுமிச்சம்பழம். அவ்வளவுதானுங்க. சும்மா பாதுகாப்புக்கு. நம்மூருல பூட்டுப் போட்டா ஒடைப்பான், மஞ்ச பூசுனா ஒரு பய தொடமாட்டான்.

பொதங்கெழம கிரேனு வந்துச்சு. ஆபரேட்டரு எறங்குனான், குனிஞ்சு பாத்தான், அப்பிடியே செருப்பக் கழட்டிட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டான். "ஏனுங்க, நாகாத்தா குடியிருக்கற எடத்துல கிரேன உடச் சொல்றீங்களே, எனக்குப் புள்ளகுட்டி இருக்குது"ன்னு மச்சினன் மேலயே எகிறிட்டான். மச்சினனுக்கு மூஞ்சி வெளுத்துருச்சு. "இது யாரு பூசுனது?"ன்னான். "எனக்கென்ன தெரியும் மாப்ள, நான் டூட்டிக்குப் போறவன்"னேன். இது பொய்யிங்களா? பொய்யில்ல. டூட்டிக்குப் போறவன்தானே நானு. "நீங்க பூசுனீங்களா?"ன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

துளசிமணிதான் வெளிய வந்து புத்தப் பாத்தா. என்னயப் பாத்தா. அப்பறம் என்ற கையவே பாத்துட்டு நின்னா, நெகத்த நெகத்த. கை கழுவுனனான்னு பாத்திருப்பா, அவ சுத்தம் பாக்கற பொம்பள. அப்பறம் தம்பிய வெரசலாத் திருப்பி அனுப்பிட்டு, உள்ள போயி ஒரு சொம்புப் பாலு கொண்டாந்து புத்துல ஊத்திக் கும்புட்டா. எனக்கு அப்பத்தானுங்க உசுரு வந்துச்சு. ஒரு துளி சந்தேகம் வரல பாருங்க அவளுக்கு. அந்தளவுக்குப் பண்ணியிருந்தேன்.

வண்டி தப்பிச்சுது. அதோட முடிஞ்சிருந்தா நீங்க இன்னேரத்துக்குக் கியர் பாக்ஸக் கழட்டியிருப்பீங்க. ஆனா ஆடி மாசம் பொறந்துருச்சே!

மொத வெள்ளி பத்துப் பொம்பளைக. ரெண்டாம் வெள்ளி ரோடு வரைக்கும் செருப்பு. மேக்காலத் தெரு ருக்குமணி, அவ மகளுக்கு எட்டு வருசமா வரன் தேடி ஓஞ்சு போனவ, கண்ணாடியில ஒரு மஞ்சக் கயித்தக் கட்டிட்டுப் போனா. நாப்பதே நாளு, மகளுக்கு நிச்சயம் ஆயிருச்சு. அவ்வளவுதான். வைப்பர்ல தொட்டிலு, கதவுக் கைப்புடியில மாலை. வேலம்பாளையத்துல இருந்தெல்லாம் ஷேர் ஆட்டோவுல வந்து எறங்கறாங்க. "வண்டி நாகாத்தா எங்கீங்க?"ன்னு என்ற கிட்டயே வழி கேக்கறாங்க. வழி சொன்னா, "வண்டிய யாரு சாமிக்குக் குடுத்த புண்ணியவான்?"னு ஒரு பாட்டி கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?

கமிட்டி போட்டாங்க. தலைவரு யாருங்கறீங்க? கிரேனு கூட்டிட்டு வந்த அதே மச்சினன். அவந்தான் இந்தத் தகரக் கொட்டாயும் போட்டான். "ஆத்தா எனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சா"ன்னு மைக்குல பேசறான் தம்பி. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? பூசுனவன் நான் ஓரமா நிக்கறேன். சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல.

துளசிமணிதான் பூசை. அதச் சொல்லோணுங்க. கண்ணாலமாகி இருவத்தாறு வருசம், இந்த ஊட்டுல அவள யாரும் ஒரு யோசன கேட்டதில்ல. நானுந்தான் கேட்டதில்ல, எதுக்குக் கேக்கோணும். இப்பப் பாத்தா, நல்லது கெட்டதுக்கெல்லாம் அவ கிட்ட வந்து நிக்கறாங்க. அவ ஒரு வேப்பிலையக் குடுத்து, "போயிட்டு வாங்க, நல்லதே நடக்கும்"ங்கறா. மூஞ்சியில அப்பிடி ஒரு வெளிச்சம். நான் பொண்ணு பாக்கப் போனப்ப கூட அந்த மூஞ்சி அப்பிடி இல்லீங்க.

இப்பிடி இருக்கறப்ப, போன ஆவணியில ஒரு போனு. தாராபுரம் ரோட்டு நர்சரிக்காரரு. பழைய பழக்கம். "சென்னியப்பா, ஐப்பசி பொறந்தா நாத்து லோடு நெறையா இருக்குது. நீ கன்னுல ஒரு எல உதுராமக் கொண்டு போவியே, அந்த மாதிரி இப்ப ஆளு இல்ல. ஐப்பசி ஒண்ணாந்தேதி வண்டியோட வந்து நில்லு. வரலைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்"னாரு. இந்த வயசுல வாட்ச்மேனக் கூப்புட்டு எவனாச்சும் வேல குடுப்பானுங்களா? வண்டி ஓடுச்சுன்னா நான் டிரைவரு. ஓடலைன்னா சாவற வரைக்கும் அந்தக் கேட்டுதான்.

அன்னிக்கே ஜாக்கிய எடுத்துட்டு வந்தேன். முன்சக்கரத்துக்கு அடியில வெக்கக்கூட இல்ல, ருக்குமணி ஓடி வந்து வண்டி மேல உழுந்துட்டா. "எம் மவ கண்ணாலம் முடியட்டும், அதுக்குள்ள ஆத்தாள அசைக்காதீங்க!"ன்னு. கமிட்டி கூடுச்சு. "மச்சான், ஆத்தா எடத்துல வேல செய்யறதுன்னா ஆத்தாளத்தான் கேக்கோணும். பூ கேட்டுருவோம்"னான் மச்சினன்.

பூ கேக்கறது உங்க ஊருல எப்பிடியோ, இங்க ரெண்டு பொட்டணம் கட்டுவோமுங்க. ஒண்ணுல வெள்ளப் பூவு, ஒண்ணுல செவ்வரளி. சாமி மின்னாடி வெச்சுக் குலுக்கிப் போட்டு, ஒண்ண எடுக்கோணும். வெள்ள வந்தா உத்தரவு. செவப்பு வந்தா இல்ல. துளசி எடுக்கறதுன்னு பேசுனாங்க. பொட்டணம் கட்டறது யாருன்னு வந்துச்சு. "நான் கட்டறேன், வண்டி என்றதாச்சே"ன்னேன்.

ரெண்டுலயும் வெள்ளைதானுங்க வெச்சேன்.

அப்பிடிப் பாக்காதீங்க தம்பி. ஆத்தாளுக்கு ஏன் வீணா ஒரு சங்கடம்? எத எடுத்தாலும் நல்லதாவே வரட்டுமேன்னு ஒரு எண்ணந்தான்.

போன வெள்ளிக்கெழம. கூட்டம்னா கூட்டம். துளசி கண்ண மூடி ஒண்ண எடுத்தா, பிரிச்சா, வெள்ள நந்தியாவட்ட. எல்லாருங் கொலவ போட்டாங்க. எனக்கு இங்க அடிச்சுக்குது. ஏன்னா வழக்கத்துக்கு ரெண்டாவது பொட்டணத்தையும் பிரிச்சுக் காட்டோணும். அத நான் யோசிக்கவே இல்ல பாருங்க! மச்சினன் கைய நீட்டறான், "அதையும் பிரிங்கக்கா"ன்னு. துளசி அந்தப் பொட்டணத்த எடுத்தா. விரல்ல ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தா. என்னயப் பாத்தா. அப்பிடியே இடுப்புல சொருகிக்கிட்டு, "ஆத்தா வாக்குச் சொன்னப்பறம் சோதிக்கக் கூடாது தம்பி"ன்னுட்டா. என்ற நல்ல நேரம் தம்பி, அவளுக்குப் பிரிச்சுப் பாக்கோணும்னு தோணல. வெகுளி அவ.

என்ன சிரிக்கறீங்க? ஒண்ணுமில்லையா? சேரி.

அப்பறம் அவளே சொன்னா, எல்லாருக்கும் கேக்கறாப்புல. "வண்டி போவட்டும். ஆனா ஆத்தா குடியிருக்கற சக்கரம் இங்கயே இருக்கோணும். புத்துல ஒரு மண்ணு உதுரக்கூடாது. வண்டி மொதல்ல ஓடறது ஆத்தாள மூணு சுத்துச் சுத்தி. வெள்ளிக்கெழமைக்கு வண்டி இங்க வந்து நின்னு பூசை வாங்கிட்டுத்தான் போவோணும்." அம்புட்டுப் பேருக்கும் சம்மதம். ருக்குமணி கூடக் கும்புட்டுட்டுப் போனா. கமிட்டிக்குக் கோயிலு, அவளுக்குப் பூசை, எனக்கு வண்டி. எப்பிடித்தான் அவளுக்கு அப்பிடி வாயில வந்துச்சோ. எல்லாம் ஆத்தாதான்.

அதனால வேல இப்பிடிங்க. அந்த லெஃப்ட் பக்கம் ஆக்ஸிலுக்கு முட்டுக் குடுத்துட்டு, சக்கரத்துல புத்து மூடாமத் தெரியற நட்ட மட்டும் கழட்டோணும். சக்கரம் புத்தோட அப்பிடியே நிக்கோணும். வண்டியத்தான் இந்தப் பக்கமா நகத்தோணும். அப்பறம் ஸ்டெப்னிய மாட்டிட்டுக் கியர் பாக்ஸப் பாப்பீங்க. முடியுங்களா? உள்ளூரு மெக்கானிக்கு மூணு பேரும் வரமாட்டேன்னுட்டாங்க, பயம். அதனாலதான் உங்களக் காங்கேயத்துல இருந்து வரச் சொன்னது. நீங்க படிச்ச புள்ள, ஐடிஐ முடிச்சவரு. அதனாலதான் மஞ்ச பூசுனதுல இருந்து பூவு வரைக்கும் ஒண்ணு விடாம உங்க கிட்டச் சொன்னேன். தைரியமாக் கை வெப்பீங்கன்னு. உள்ள பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது என்னயும் உங்களயும் தவிர யாருக்கும் தெரியாது. துளசிக்குத் தெரிஞ்சா என்ற மானம் போயிரும்.

என்னங்க?

கயிறா? யாருக்கு, உங்களுக்கா?

ஓ. வயசு முப்பத்தாறா. ஏழு வருசமாப் பாக்கறாங்களா? ஆமாங்க, இப்பெல்லாம் பொண்ணு ஊட்டுல எடுத்ததும் கம்பெனி உத்தியோகமான்னுதான் கேக்கறாங்க. கையில கிரீஸுன்னா ஜாதகத்தத் திருப்பிக் குடுத்துடறாங்க. உங்க அம்மா வேற அழுகறாங்களா? வருத்தமான சங்கதிதான்.

ஆனா தம்பி, இத்தன நேரம் நான் தொண்டத் தண்ணி வத்தச் சொன்னது என்ன? மஞ்சத்தூளு நம்மூட்டு டப்பா. முட்ட நம்மூட்டுக் கோழி. பூவு நான் கட்டுனது. எல்லாத்தையும் கேட்டுட்டு, "எனக்கும் ஒரு கயிறு குடுங்க"ங்கறீங்களே, என்ன படிச்சீங்க நீங்க?

என்னது? நான் கட்டலையான்னா?

இப்பிடி வாங்க. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி. அந்த மஞ்சக் கயித்துக் கும்பல வெலக்குங்க. உள்ள ஒரு காக்கி நாடா தெரியுதா? அது என்ற வாட்ச்மேன் சட்டையில கிழிச்சது. ஒரு நாளு மில்லுல இருந்து மத்தியானச் சோத்துக்கு வந்தேன். ஆளே இல்ல. நானே பூசுன மஞ்ச, நானே வெச்ச பொட்டு, எல்லாம் எனக்குத் தெரியுமுங்க. இருந்தாலும் அதுக்கு மின்னாடி நின்னு, "ஆத்தா, என்னய இன்னொருக்கா ஸ்டீயரிங்குல உக்கார வெய்யி"ன்னு அழுதேன். வேற யாரு கிட்டப் போயிக் கேக்கறது தம்பி? அதுக்கு மூணா நாளுதான் நர்சரிக்காரரு போனு வந்தது.

துளசி! ஏ துளசி! காப்பியோட ஒரு மஞ்சக் கயிறும் கொண்டா. தம்பிக்கு.

கட்டுங்க. ஆனா இந்தக் கண்ணாடியில வேண்டாம், இது ரோட்டுக்குப் போவோணும். ஆத்தாளுக்கு உடற சக்கரத்துல கட்டுங்க. மொதல்ல அது, அப்பறம் ஜாக்கி. நல்லா இறுக்கிக் கட்டுங்க தம்பி, நட்டு முறுக்கறாப்புல.